ஸார், நீங்க இன்னும் பாஸாகலையா?

கேட்டவனுக்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்பு.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. வேப்பமரத்தடியில் ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், இன்னொரு பக்கம் தலையணை சைஸுக்கு ஒரு புள்ளியியல் புத்தகம். சாம்பார் சாதத்தின் ஒரு பருக்கை சராசரியிலும், இன்னொன்று திட்ட விலக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டு கழுவப் போன பயல் நின்றுவிட்டான்.

"என்ன ஸார் படிக்கிறீங்க?"

"பரீட்சைக்குடா."

"உங்களுக்குமா!" முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "எந்த வருஷம் சேர்ந்தீங்க?"

"2019."

விரல் விட்டு எண்ணினான். "அஞ்சு வருஷமா ஒரே கிளாஸா? ஸார், நீங்க இன்னும் பாஸாகலையா?"

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் பூராவும் பரவிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை!

கூட்டேரிப்பட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றாலும் நிச்சயம் தாண்டிப் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகிற பஸ் திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் நோக்கி விரட்டும்போது, நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிற இடம்தான் எங்கள் ஊர். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித் திரும்ப வேண்டும். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, கரும்பு, நெல். (பட்டணத்துக்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.)

பக்கத்துக் கிராமத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதில் நான் ஆசிரியர். ரோட்டோரமாக ஒரு வாடகைப் போர்ஷனில் குடித்தனம். மனைவி ஜாக்கெட் தைக்கிறாள். ஒரு பெண் குழந்தை. வீட்டில் இருப்பது ஒரே மேஜை. பகலில் அதன் மேல் தையல் மெஷின், ராத்திரியில் என் லேப்டாப். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் ஊசி குத்தியிருந்தது என்று கைடு மேடம் புகார் சொன்னது இதனால்தான்.

முப்பத்திரண்டு வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். கல்வி வளர்ச்சி, சமுதாயச் சிந்தனை எல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது ஆசை. பேருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டு, வாசலில் ஒரு சின்ன போர்டு மாட்ட வேண்டும். வாடகை வீடுதான். அதனால் என்ன, போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாமே!

இன்கிரிமென்ட் ஆசையும் இருந்தது. மேல்படிப்பு படித்தால் முன் ஊதிய உயர்வு உண்டு என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். 2019 ஜூலையில் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் அரசு அந்த ஊதிய உயர்வையே நிறுத்திவிட்டது. பிறகு, ஒரு தடவை மொத்தமாக ஒரு தொகை கொடுப்பது என்று ஏற்பாடு மாறியது. என் மனைவி கணக்கில் புலி. வருஷா வருஷம் கட்டிய ஃபீஸ், ஜெராக்ஸ், பஸ் சார்ஜ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்கு நான் இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

* * *

வேலை பார்த்துக்கொண்டே பி.எச்டி. படிக்க முதல் தேவை அறிவு என்று நினைத்தேன். இல்லை. என்.ஓ.சி.! ஆட்சேபணை இல்லை என்கிற காகிதம். அதை வாங்குவதற்குள் எனக்கே என் படிப்பின் மேல் ஆட்சேபணை வந்துவிட்டது. தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலகம், அதற்கு மேல், அதற்கும் மேல். ஒவ்வொரு மேஜையிலும் ஒரே கேள்வி: "பசங்களுக்கு யார் ஸார் பாடம் எடுப்பா?"

அப்போது எரிச்சலாக இருந்தது. அதுதான் சரியான கேள்வி என்று புரிய எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சேர்ந்த புதிதில் கோர்ஸ் வொர்க் வகுப்புகள். சனிக்கிழமை காலை ரோட்டில் நின்று கை காட்டினால், பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்கள் என் ஆராய்ச்சி ஆர்வத்தைக் கொஞ்சம்கூட மதிக்காமல் தூசி கிளப்பிவிட்டுப் போகும். மயிலம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் பிடித்தால் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் எதிர் சீட்டில் பூக்கூடை, பக்கத்தில் சீட்டுக் கச்சேரி. 'ஆராய்ச்சி நெறிமுறைகள்' பாடத்தை நான் ரம்மி ஆட்டத்துக்கு நடுவில்தான் படித்தேன்.

இப்படி அலுத்துப் போகும்போதெல்லாம் ஒரு மனிதரை நினைத்துக்கொள்வேன். டாக்டர் மு.வ.

கையில் பட்டம் இல்லாமல் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர் அவர். 1935ல் கல்லூரிப் பக்கமே போகாமல் தானாகப் படித்து வித்துவான் தேர்வு எழுதி, மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் கொடுத்த பரிசு ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்து ஆயிரம்! திருப்பத்தூர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்துகொண்டே பி.ஓ.எல். முடித்தார். 1939ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி வேலை. அங்கே பாடம் நடத்திக்கொண்டே 1944ல் எம்.ஓ.எல்., 1948ல் பி.எச்டி. சங்க இலக்கியத்தில் இயற்கை என்பது ஆராய்ச்சி. நடுநடுவே நாவல்கள் வேறு எழுதித் தள்ளினார். பிற்பாடு மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார்.

குமாஸ்தா சீட்டில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் கவனிக்க! அவரிடம் லேப்டாப் கிடையாது. கூகுள் கிடையாது. அதே சமயம், "ஸார், இன்னிக்கு அட்டெண்டன்ஸ் ஆப்ல ஏறலை" என்று பத்து மணிக்கு வருகிற போனும் கிடையாது.

* * *

என் நாள் இப்படிப் போகும். காலை நாலேகாலுக்கு அலாரம். ரோட்டில் லாரிச் சத்தம் மட்டும். ஆறு வரை எழுத்து. பிறகு தண்ணீர் பிடிப்பது, பெண்ணுக்குத் தலை வாருவது. (ஆராய்ச்சி செய்கிறவன் பின்னிய சடை என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.) ஒன்பதிலிருந்து நாலரை வரை பள்ளி. அதில் வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு, நோட்டுப் புத்தகக் கணக்கு, பயிற்சி முகாம். ராத்திரி ஒன்பதுக்கு மெஷின் இறங்கி லேப்டாப் ஏறும். பத்தரைக்கு லேப்டாப்பின் மேலேயே என் தலை இறங்கும்.

டீக்கடை அண்ணன் தினமும் விசாரிப்பார்: "இன்னா சார், முடிஞ்சிதா?"

"இன்னும் இல்லைணா."

"நம்ம பாலத்து வேலை மாதிரி போவுதே சார்!"

இந்த லட்சணத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்னால், எங்கள் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தையே தொடங்கி வைத்தார்கள். நான் எடுத்திருந்த பழைய தலைப்பு ஒன்றுக்கும் உதவாமல் போனது. கைடு மேடம் கேட்டார்கள்: "உங்க கண்ணெதிர்ல என்ன நடக்குதோ, அதை ஏன் ஆராயக் கூடாது?"

என் கண்ணெதிரில் நடந்தது இதுதான். 2020ல் ஒன்றாம் வகுப்பில் பேர் எழுதிய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு என்கிற அறையையே பார்க்கவில்லை. முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்பு! அதுவும் பாதி வருஷம் ஓடிய பிறகு. தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. 'அ' எழுதி மணலில் விரல் தேயவேண்டிய வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் மல்லாட்டைக் கொல்லையில் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. நாடு முழுக்கக் கிராமங்களில் 'அசர்' அமைப்பு எடுத்த கணக்கில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018ல் 27.3 சதவீதம். 2022ல் அது 20.5 ஆக இறங்கியது. தமிழ்நாட்டில் 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததும் இந்தப் பள்ளத்தை மூடத்தான்.

என் கொரோனா பேட்ச் 2024ல் ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள், எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பன்னிரண்டு பள்ளி, பள்ளிக்கு முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, தப்புகளைக் குறிக்க வேண்டும்.

வருஷத்துக்கு எங்களுக்குத் தற்செயல் விடுப்பு பன்னிரண்டு நாள். கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! ஒரு சி.எல்.லுக்கு ஒரு பள்ளி. நான் லீவு எடுக்கிற நாளில் என் ஐந்தாம் வகுப்பை நாலாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைப்பார்கள். "பன்னிரண்டு நாள்தானே" என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். என் வகுப்பை மட்டும் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. சொந்த வகுப்பு என்றால் பாரபட்சம் வந்துவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார்கள்.

* * *

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல்.

புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிய புயல் நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களே பார்த்ததில்லை என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் தண்ணீர். மனைவி குழந்தையைத் தூக்கினாள். நான் மெஷினைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன், லேப்டாப்பைப் பரணில் போட்டேன். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது விடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பத்துப் பள்ளிக் கணக்கை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். கடைசி இரண்டு பள்ளி, அறுபது தாள், பெட்டியில். அழகாக இருக்கட்டும் என்று ஜெல் பேனாவில் வேறு எழுதியிருந்தேன். பெட்டியைத் திறந்தால் அறுபது தாளும் ஒரே நீலக் கஞ்சி!

சி.எல். ஒன்றுகூட மிச்சமில்லை. 2025 ஜூலையோடு ஆறு வருஷக் கெடு முடிகிறது. அதற்கு முன் சுருக்கம் கொடுக்கணும், எழுதணும், பைண்டிங் பண்ணணும். கூட வேலை பார்க்கிற நண்பர் வந்து பார்த்தார்.

"இதுக்கா தலைவா இடிஞ்சு போய் உக்காந்திருக்கே? முன்னூறு பேர் மார்க் கையில இருக்கு. சராசரி தெரியும். அதுக்கு ரெண்டு மேலே, ரெண்டு கீழே போட்டு அறுபது தாளை ரொப்பு. யாரு வந்து பாக்கப் போறா?"

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து நிஜமாகவே ரொப்ப ஆரம்பித்தேன். பதினேழு தாள் முடித்தேன். இல்லாத பிள்ளைகளுக்குத் தப்பு போடுவது ரொம்பச் சுலபம். கை வலிக்கவே இல்லை.

சில நாள் கழித்துப் பள்ளி திறந்தது. 'தாளை நம்பும்படி ரொப்ப வேண்டும், நிஜமான பிள்ளை எப்படித் தடுமாறும் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்' என்று ஒரு குறுக்குப் புத்தி. என் வகுப்பில் நன்றாக வாசிக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று ஒப்பிக்கும் பெண் அது. என் பரீட்சைத் தாளை நீட்டினேன்.

முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். 'கொ'வா, 'கோ'வா? ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா? என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு, "ஸார், இது நீங்க நடத்தாத பாடம்" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாள் அவள் வாசிக்கவே இல்லை. பக்கத்திலிருப்பவள் வாசிப்பதைக் காதால் கேட்டு, மனப்பாடம் பண்ணி, புத்தகத்தில் விரலை ஓட்டியிருக்கிறாள். ஆறு மாதமாக என் வகுப்பில் இருக்கிறாள். பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே 'சரளமாக வாசிக்கிறாள்' என்று என் கையெழுத்து. நான் ஊரெல்லாம் சுற்றி முன்னூற்றறுபது பிள்ளைகளைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறேன். என் எதிரில் உட்கார்ந்திருந்தவளைச் சோதிக்கவில்லை.

"பசங்களுக்கு யார் ஸார் பாடம் எடுப்பா?"

மொத்த வகுப்பையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அதே ரகத்தில் ஆறு பேர். அத்தனை பேரும் சத்தம் போடாத, சேட்டை பண்ணாத நல்ல பிள்ளைகள். அதனாலேயே என் கண்ணில் படவில்லை.

ராத்திரி அந்தப் பதினேழு தாளையும் கிழித்து அடுப்பில் போட்டேன். மறுநாள் மேடத்துக்குப் போன் பண்ணி, ரொப்பியது உட்பட எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்கள்:

"முன்னூத்தறுபதுல அறுபது வெள்ளத்துல போச்சுன்னு ஒரு பாரா எழுதுங்க. மிச்சம் முன்னூறை வெச்சு என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்லுங்க. புயல் அடிச்சதுல என்ன வெட்கம்?"

அவ்வளவுதான் விஷயம்! ஒரே ஒரு பாரா. அதற்குப் பயந்துதான் பதினேழு பொய் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அந்த ஆறு பேரோடு கால் மணி நேரம். பாடப் புத்தகம் கிடையாது. பஸ் டிக்கெட், தீப்பெட்டி, டீக்கடை போர்டு, மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம் என்று மனப்பாடம் பண்ண முடியாத எதையாவது வாசிக்கச் சொல்வேன். ஏப்ரலில் நாலு பேர் தேறிவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் தடுக்கினார்கள். அந்த இரண்டையும் மறைக்காமல் எழுதி ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைத்தேன்.

* * *

சேர நினைக்கிற தம்பிகளுக்கு, பட்டவன் என்கிற முறையில் நாலு வார்த்தை.

யு.ஜி.சி.யின் 2022ம் வருஷ விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருஷச் சலுகை உண்டு. பகுதி நேரமாகச் சேரலாம். ஆனால் ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்க முடியும் என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்கு விடுவிப்போம் என்றும் ஆபீசில் எழுதி வாங்க வேண்டும். தபாலிலோ ஆன்லைனிலோ பி.எச்டி. தருகிறோம் என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். விதியில் அதற்கு இடமே இல்லை. எம்.ஃபில். அந்த விதியோடு நின்றுபோனது.

அடுத்தவர் எழுத்தை அப்படியே இறக்கினால் சாஃப்ட்வேர் பிடித்துக் கொடுத்துவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் வில்லங்கம். முடிந்த ஆராய்ச்சிகள் 'சோத்கங்கா' என்கிற இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. தலைப்பு எடுப்பதற்கு முன் ஒரு பத்தையாவது படித்துவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள். அன்றன்றைய கணக்கை அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், சம்பளம் வாங்குகிற வேலை முதல் வேலை. அதில் எங்கே ஓட்டை விழுகிறது என்று மாசத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். எனக்கு ஒரு புயல் வந்து காட்ட வேண்டியிருந்தது.

* * *

2025 ஜூனில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வைவாவுக்கு மனைவியையும் கூட்டிப் போனேன். வெளியூர்ப் பேராசிரியர் அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். வெள்ளப் பாராவில் விரல் வைத்து, "இந்த அறுபதும் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ?" என்றார். "மாறியிருக்கலாம் ஸார்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். கடைசியில், "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்து என் மனைவி பக்கத்து அம்மாளிடம் மெதுவாகச் சொன்னது ஹாலுக்கே கேட்டது: "இந்தக் கேள்விக்கா ஆறு வருஷம்?"

ஊர் திரும்பினேன். டீக்கடை அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டு, "டாக்டர் சார், முட்டி வலிக்கு எதுனா எழுதிக் குடுங்க" என்றார். வாசலில் இன்னும் போர்டு மாட்டவில்லை. ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் என்.ஓ.சி. வாங்க வேண்டுமாம்.

மறுநாள் பள்ளிக்கூடம். அந்தப் பயல் இப்போது ஆறாம் வகுப்பு. கேட்டிலேயே பிடித்துக்கொண்டான்.

"ஸார், பாஸா?"

"பாஸுடா!"

"எத்தனை மார்க் ஸார்?"

"பி.எச்டி.க்கு மார்க்கெல்லாம் போட மாட்டாங்கடா."

ஒரு நிமிஷம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு, சக மாணவனைத் தேற்றுகிற மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"பரவால்ல ஸார். அப்ப ஜஸ்ட் பாஸ். நான்கூட கணக்குல அப்படித்தான்."